முதல் ஸ்கீ பயணம்: திரும்பும் வழியிலிருந்து திட்டம் போடுங்கள்

நான் ஸ்கீ (பனிச்சறுக்கு) பழகிய முதல் வருடம், சுவிட்சர்லாந்தின் ஸெர்மாட்டில் நான்காம் நாள். மச்சானும் நானும் கான்ட் என்ற இடத்தில் கேபிள் காரில் ஏறி ஹோடெல்லி உச்சியில் போய் இறங்கினோம். உயரம் 3,286 மீட்டர். கையிலிருந்த வரைபடத்தில் அந்தக் கோடு ஒரு விரற்கடை நீளம்தான் இருந்தது. இறங்கிப் பார்த்தால் எங்களுக்கு ஏற்ற நீலத் தடம் (எளிதான சரிவு) எதுவும் கண்ணில் படவில்லை. நாங்களோ நீலத்திலேயே விழுந்து எழும்புகிற ஆட்கள். கொஞ்ச நேரம் மலையை ரசிப்பதுபோல் பாவனை செய்துவிட்டு, வந்த கேபிள் காரிலேயே கீழே வந்தோம். எங்களோடு இறங்கியது ஒரு நாயும் அதன் சொந்தக்காரரும் மட்டும்.

அதற்குப் பிறகு லண்டனிலிருந்தோ சென்னையிலிருந்தோ யாராவது "ஸ்கீ பண்ண வருகிறோம், பிளான் போட்டுக் கொடு" என்று கேட்டால், திரும்பி வரும் வழியிலிருந்துதான் எழுதத் தொடங்குகிறேன். மேலே ஏற்றிவிட கேபிள் கார், நாற்காலி என்று ஏதாவது லிஃப்ட் இருக்கிறது, காசு கொடுத்தால் போதும். இறங்குவது நம் கால்கள் செய்ய வேண்டிய வேலை. விமானத்துக்குத் திரும்புவது, கிராமத்துக்குத் திரும்புவது, எல்லை தாண்டிப் போனால் எல்லைக்குத் திரும்புவது என்று மூன்று திரும்புதல்கள் இருக்கின்றன. இவற்றை முதலில் முடிவு செய்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக இடத்தில் உட்காரும்.

இங்கே ஸெர்மாட்டை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன், எனக்குத் தெரிந்த மலை என்பதால். ஆல்ப்ஸில் வேறு எங்கே போனாலும் முறை இதேதான்.

இடம்

ஸெர்மாட் சுவிட்சர்லாந்தின் வாலே மாநிலத்தில், சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கும் கிராமம். தலைக்கு மேல் மாட்டர்ஹோர்ன், 4,478 மீட்டர். மலைமுகட்டின் மறுபக்கம் இத்தாலியின் செர்வினியா. இரண்டையும் சேர்த்தால் ஏறக்குறைய 360 கிலோமீட்டர் சறுக்குத்தடம். பெட்ரோல், டீசல் கார்களுக்குக் கிராமத்தில் இடமில்லை, சின்ன மின்சார வண்டிகள்தான் ஓடும். ரயில் கிராமத்தின் நடுவிலேயே கொண்டுபோய் விடும். பனிச் சாலையில் கார் ஓட்டிப் பழக்கமில்லாதவர்களுக்கு இதைவிட வசதி வேறில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வாழ்க்கையில் முதல் முறையாக ஸ்கீயில் ஏறப் போகிறீர்கள், மூன்று நாள்தான் இருக்கிறது என்றால் ஸெர்மாட் பணவிரயம். 360 கிலோமீட்டருக்குக் காசு கட்டிவிட்டு முந்நூறு மீட்டரில் சுற்றிச் சுற்றி வருவீர்கள். அதே பள்ளத்தாக்கில் கிரேகன் என்ற சிறிய ஊர் இருக்கிறது, குழந்தைகளோடு பழக நல்ல இடம். பக்கத்துப் பள்ளத்தாக்கில் ஸாஸ்-ஃபே. ஒரு வாரம் முழுதாகக் கிடைத்தால், அல்லது வீட்டில் ஒருவர் ஏற்கெனவே நன்றாக ஸ்கீ செய்பவர் என்றால், ஸெர்மாட் சரி.

தேதி, விசா

கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரையும், பிப்ரவரி பள்ளி விடுமுறை வாரங்களிலும் விலை உச்சத்தில் இருக்கும். லிஃப்ட் வரிசையும் அப்படியே. ஜனவரி இரண்டாம் பாதி அமைதியாக இருக்கும், குளிர் கடுமை, பகல் குறுகியது. மார்ச்சில் வெயில் உண்டு, பகல் நீளம். காலையில் கெட்டியாக இருக்கும் தடம் மதியத்துக்கு மேல் இளகிச் சேறுபோல் ஆகலாம், அவ்வளவுதான். பழகுகிறவர்களுக்கு நான் மார்ச் முதல் பாதியைத்தான் சொல்வேன். நடுங்கிக்கொண்டு யாரும் எதையும் கற்றுக்கொள்வதில்லை.

இந்தியா, இலங்கை கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவானது) வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி 15 நாட்களுக்குள் முடியாது. அதிக நாள் தங்கும் நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும், ஸெர்மாட்டில் தங்கினால் சுவிஸ். இத்தாலியும் ஷெங்கனுக்குள் இருப்பதால் மலைக்கு மேல் எல்லை தாண்ட அதே விசா போதும்.

விசாவுக்குக் கேட்கும் 30,000 யூரோ மருத்துவக் காப்பீட்டை எடுக்கும்போது ஒரு வரியைத் தேடிப் படியுங்கள்: பனி விளையாட்டுகள் சேருமா? சாதாரணப் பயணக் காப்பீடுகள் பலவற்றில் சேராது. சுவிஸ் மலையிலிருந்து ஹெலிகாப்டரில் தூக்கி வந்தால் அந்தப் பில் உங்கள் பெயருக்குத்தான் வரும், ஆயிரக்கணக்கான பிராங்கில். ஸெர்மாட்டில் ஏர் ஸெர்மாட் 1968 முதல் இந்த மீட்புப் பணியைச் செய்துவருகிறது. அவர்களிடமே மீட்புச் செலவுக்கான அட்டை வாங்கலாம்.

முதல் திரும்புதல்: விமானம்

கடைசி நாள் காலை ஸெர்மாட்டில் விழித்து, மதியம் சூரிச்சில் விமானம் ஏறலாம் என்று திட்டம் போடாதீர்கள். 2018 ஜனவரியில் கடும் பனி விழுந்து, பனிச்சரிவு ஆபத்தால் ரயிலும் சாலையும் மூடப்பட்டபோது சுமார் 13,000 சுற்றுலாப் பயணிகள் ஸெர்மாட்டில் மாட்டிக்கொண்டார்கள். சிலரை ஹெலிகாப்டரில்தான் வெளியே கொண்டுவந்தார்கள். 2025 ஏப்ரலில், ஈஸ்டருக்குச் சற்று முன்பு, மறுபடியும் ஊர் துண்டிக்கப்பட்டது. எல்லா வாரமும் நடப்பதில்லை, நடக்கவே நடக்காது என்றும் இல்லை. கடைசி இரவை மலைக்கு வெளியே, விஸ்ப்பிலோ பேர்னிலோ சூரிச்சிலோ வையுங்கள். அங்கே விடுதி ஸெர்மாட்டைவிட மலிவாகவும் கிடைக்கும்.

போகும் வழி எளிது. சூரிச் விமான நிலையத்திலிருந்து ஏறக்குறைய மூன்றரை மணி, ஜெனீவாவிலிருந்து ஏறக்குறைய நான்கு மணி. இரண்டு பக்கமிருந்து வந்தாலும் விஸ்ப்பில் இறங்கி மலை ரயிலுக்கு மாற வேண்டும். அங்கிருந்து ஸெர்மாட் சுமார் ஒரு மணி பத்து நிமிடம். சூரிச் பக்கமிருந்து வந்தால் 34.6 கிலோமீட்டர் நீள லோட்ச்பெர்க் சுரங்கத்துக்குள் போவீர்கள். 2007-இல் திறந்த அந்தச் சுரங்கம் வருவதற்கு முன் இந்தப் பயணம் இன்னும் நீளம். காரில்தான் வருவேன் என்பவர்கள் டெஷ் என்ற ஊரில் நிறுத்திவிட்டு, கடைசி 12 நிமிடத்தை ரயிலில் வர வேண்டும்.

சுவிஸ் ரயில்வேயான எஸ்பிபியின் செயலியில் முன்கூட்டியே சலுகைச் சீட்டு பார்க்கலாம், ஆனால் அது குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டும் செல்லும். விமானம் தாமதமானால் சீட்டு வீண். வரும் நாளுக்குச் சாதாரணச் சீட்டு, திரும்பும் நாளுக்குச் சலுகைச் சீட்டு என்று வாங்குவது என் பழக்கம். நிறைய ரயில் பயணம் இருந்தால் ஒரு மாதத்துக்குப் பாதிக் கட்டண அட்டை வாங்கலாம், கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வாடகைச் சாமான்

ஸ்கீயும் பூட்ஸும் வாங்காதீர்கள், வாடகைக்கு எடுங்கள். இணையத்தில் முன்பதிவு செய்தால் விலை குறையும். கடையில் உயரம், எடை, வயது, எவ்வளவு பழக்கம் என்று கேட்பார்கள். விழும்போது ஸ்கீ காலிலிருந்து கழன்றுகொள்ளும் இறுக்கத்தை அதை வைத்துத்தான் சரிசெய்கிறார்கள். எடையில் பொய் சொன்னால் முழங்கால் பதில் சொல்லும்.

பூட்ஸ்தான் எல்லாம். நிமிர்ந்து நின்றால் கால்விரல் முன்பக்கம் லேசாகத் தொட வேண்டும், முழங்காலை முன்னால் மடக்கினால் விரல் விலக வேண்டும், குதிகால் எழும்பக் கூடாது. ஒரே ஒரு மெல்லிய ஸ்கீ சாக்ஸ். குளிருமே என்று இரண்டு மூன்று மாட்டினால் ரத்த ஓட்டம் நின்று இன்னும் குளிரும். உள்ளே பருத்திப் பனியன் வேண்டாம், வியர்வையைப் பிடித்துவைத்து உடம்பைச் சில்லிட வைக்கும். கம்பளி அல்லது செயற்கை இழைத் தெர்மல் போடுங்கள். நமக்கெல்லாம் வெயில் சுடாது என்று சன்ஸ்கிரீனை ஒதுக்குபவர்கள் மாலையில் மூக்கைக் கண்ணாடியில் பார்க்கட்டும். புதுப் பனி சூரியனின் புற ஊதாக் கதிரில் பெரும்பகுதியைத் திருப்பி முகத்தில் அடிக்கிறது.

முதல் மூன்று நாள்

பள்ளியில் சேருங்கள். மச்சான் சொல்லித் தருவான் என்று நம்பாதீர்கள் (நானே மச்சான், அனுபவத்தில் சொல்கிறேன்). ஆங்கிலத்தில் குழு வகுப்புகள் உண்டு, விடுமுறை வாரங்களில் முன்பே நிரம்பிவிடும். இரண்டு ஸ்கீயின் முனைகளையும் சேர்த்து, பின்பக்கத்தை விரித்து வேகத்தைக் குறைப்பதற்குப் பிள்ளைகளிடம் "பீட்சா" என்பார்கள். பெரியவர்களும் முதல் நாள் முழுக்கப் பீட்சாதான்.

ஸெர்மாட்டில் இதற்கான இடம் சுன்னெகா, 2,288 மீட்டர். கிராமத்திலிருந்து மலைக்குள்ளேயே ஓடும் ரயில் சில நிமிடத்தில் ஏற்றிவிடும். அங்கே லைஸே என்ற சிறு ஏரியின் பக்கம் தொடக்கநிலைத் திடல், தரையில் ஓடும் பெல்ட்டில் நின்றபடியே மேலே போகலாம். இந்த நாட்களுக்கு முழு மலைப் பாஸ் (மலையின் எல்லா லிஃப்டுக்குமான சீட்டு) வாங்காதீர்கள். பழகுகிறவர்களுக்கான சிறிய சீட்டு என்ன இருக்கிறது என்று கவுன்டரில் கேளுங்கள். முழு நாள் பாஸ் நூறு பிராங்கை ஒட்டி வரும், தேதியைப் பொறுத்து ஏறி இறங்கும், சீக்கிரம் வாங்கினால் பெரும்பாலும் குறைவு.

கடல்மட்டத்து ஊரிலிருந்து வந்தவர்கள் முதல் நாளே 3,883 மீட்டர் உயரத்திலுள்ள க்ளைன் மாட்டர்ஹோர்னுக்குப் படமெடுக்க ஓடாதீர்கள். தலைவலி, குமட்டல் வந்தால் அடுத்த நாளும் போகும்.

இரண்டாம் திரும்புதல்: கிராமம்

இனி வரைபடம். நான் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப்போகிறேன், ஏனென்றால் எல்லாரும் கோட்டைவிடும் இடம் இதுதான்.

லிஃப்ட் நிலையத்தில் கிடைக்கும் தட வரைபடம் ஓர் ஓவியம். அளவுகோல் கிடையாது, மேல் பக்கம் வடக்கும் இல்லை. மலை அழகாகத் தெரிய வேண்டும் என்பதற்காக வளைத்தும் நெளித்தும் வரைந்தது. அதில் நம்ப வேண்டியவை நிறம், எண், லிஃப்டின் பெயர், உயரம் ஆகியவை மட்டும். சுவிஸில் நீலம் எளிது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். பச்சை பிரான்ஸில்தான், அங்கே நீலத்தைவிட எளிது என்று அர்த்தம். மஞ்சள் கோடு கண்டால் விலகுங்கள். குறியிட்ட பாதைதான், ஆனால் இயந்திரம் விட்டுச் சமப்படுத்தாத பனி. நீலம் ஏறக்குறைய 25 சதவீதச் சரிவுக்குள், சிவப்பு 40-க்குள் என்பது பொதுக் கணக்கு. இது புதுப் பனிக்குப் பொருந்தும். மாலை நான்கு மணிக்கு, ஆயிரம் பேர் தேய்த்த பிறகு, பனிக்கட்டியாகிப்போன நீலம் சிவப்பைவிட மோசம்.

முந்தைய நாள் இரவு வரைபடத்தை மேசையில் விரித்து, ஒரு பேனாவால் இப்படிச் செய்யுங்கள். முதலில் உங்கள் விடுதியில் புள்ளி வையுங்கள். அங்கே உங்களைக் கொண்டுவந்து சேர்க்கும் கடைசி லிஃப்ட் அல்லது தடம் எது? ஸெர்மாட்டில் மாலை வேளை கிராமத்துக்குச் சறுக்கி வரும் தடங்கள் நெரிசலாகவும் கெட்டியாகவும் இருக்கும். களைத்த கால்களோடு பலர் விழுவது அங்கேதான். ஆகவே சுன்னெகாவிலிருந்து அந்தச் சுரங்க ரயில், கோர்னர்கிராட் பக்கமிருந்து பல்சக்கர ரயில், ஃபூரியிலிருந்து கோண்டோலா (கம்பியில் வரிசையாக ஓடும் சிறு பெட்டிகள்), மூன்றில் ஒன்றில் இறங்குவது என்று எழுதிவிடுங்கள். கடைசி வண்டி நேரத்தையும் பக்கத்தில் எழுதுங்கள். இறங்குவதற்கு லிஃப்ட் பிடிப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. நான் இன்னும் பிடிக்கிறேன்.

அப்புறம், அங்கிருந்து பின்னோக்கி மேலே போங்கள். ஒவ்வொரு லிஃப்டின் தலையிலும் நின்று ஒரே கேள்வி கேளுங்கள்: இங்கிருந்து என் நிறத்தில் ஒரு கோடு கீழே வரை அறுபடாமல் போகிறதா? பாதி வழியில் நீலம் முடிந்து சிவப்பில் சேர்ந்தால் அது சிவப்பு வழிதான். அறுபட்டால் அந்த லிஃப்டை அடித்துவிடுங்கள், அல்லது அந்த லிஃப்டிலேயே கீழே வர முடியுமா என்று பாருங்கள். கேபிள் காரிலும் கோண்டோலாவிலும் பொதுவாக முடியும், நாற்காலி லிஃப்டில் பெரும்பாலும் முடியாது. ஹோடெல்லியில் நாங்கள் தப்பியது அது கேபிள் கார் என்பதால்தான். நாற்காலியாக இருந்திருந்தால் கதை வேறு.

இந்த வேலையைச் செய்து பார்த்தால் நான்காம் நாள் தானாகக் கிடைக்கும். காலையில் சுன்னெகாவுக்கும் அதற்கு மேலே பிளாவ்ஹெர்டுக்கும் இடையே இரண்டு மூன்று முறை. மதியத்துக்கு முன் கிராமத்துக்கு இறங்கி, கோர்னர்கிராட் ரயில். 1898-இல் மின்சாரத்திலேயே ஓடத் தொடங்கிய ரயில் அது. 33 நிமிடத்தில் 3,089 மீட்டருக்கு ஏற்றிவிடும், வழியெல்லாம் மாட்டர்ஹோர்ன் கூடவே வரும். ரிஃபல்பெர்க் பகுதியில் அகலமான தடங்கள். கால் ஓய்ந்தால் எந்த நிலையத்திலும் ரயிலேறித் திரும்பலாம். பழகுகிறவர்களுக்கு இந்த மலை பிடிப்பதற்குக் காரணமே அந்த ரயில்தான். கான்ட் வழியாக மலைவிட்டு மலை தாண்டலாம் என்று வரைபடம் ஆசை காட்டும். எங்கள் கதையை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கணக்குப் போடுவதைவிட எத்தனை மணி நேரம் என்று போடுங்கள். பழகுகிறவர்களுக்கு நான்கு மணி நேரம் தாராளம். சாப்பாடு மலையில் விலை அதிகம், கிராமத்துக் கடையில் வாங்கிப் பையில் கொண்டுபோகலாம். புளிச்சோறு கொண்டுபோய்ப் பார்த்தோம், மைனஸ் பத்தில் செங்கல்லாகிவிட்டது. ரொட்டிதான் சரி.

மூன்றாம் திரும்புதல்: இத்தாலி

ஐந்தாம் அல்லது ஆறாம் நாள், சிவப்புத் தடத்தில் நிற்காமல் இறங்குகிறவர்களுக்கு மட்டும் இது. மற்றவர்கள் க்ளைன் மாட்டர்ஹோர்னிலிருந்து இத்தாலியப் பக்கத்து டெஸ்டா க்ரிஜாவுக்குக் கோண்டோலாவிலேயே தாண்டலாம், 2023 ஜூலையிலிருந்து அந்த வழி இருக்கிறது.

ஸெர்மாட் பாஸ் தனி, இத்தாலியையும் சேர்த்த சர்வதேசப் பாஸ் தனி. காலையில் வானிலை பார்த்த பிறகே சர்வதேசத்துக்கு மாற்றுங்கள். மேலே காற்று பலமாக அடித்தால் முதலில் மூடுவது எல்லை லிஃப்டுகளைத்தான். கிராமத்தில் ஓர் இலைகூட அசையாமல் இருக்கும், மேலே எல்லாம் நின்றிருக்கும். லிஃப்ட் நிலவரத்தைச் செயலியில் பார்த்துவிட்டு விடுதியை விட்டுக் கிளம்புங்கள்.

எல்லைக்கு அந்தப் பக்கம் சட்டம் வேறு. இத்தாலியத் தடங்களில் 2022 ஜனவரி முதல் பிறருக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பீடு கட்டாயம். 2025 நவம்பர் முதல் எல்லா வயதினருக்கும் ஹெல்மெட் கட்டாயம். ஸெர்மாட்டில் ஹெல்மெட் உங்கள் விருப்பம், ஐந்து நிமிடம் சறுக்கி அந்தப் பக்கம் போனால் அபராதம். எப்படியும் போடுங்கள். காப்பீட்டைப் பாஸோடு சேர்த்தே வாங்கலாம். கடவுச்சீட்டு, வங்கி அட்டை, கொஞ்சம் யூரோ உள் பையில் இருக்கட்டும். கைபேசியும் உள் பையில்தான், குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கும். சுவிஸ் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை என்பதால் ரோமிங் கட்டணத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சறுக்கிப் போகிறவர்கள் எல்லையைத் தாண்டுவது டெஸ்டா க்ரிஜாவை ஒட்டிய பிளாட்டோ ரோசாவில், 3,480 மீட்டர். அங்கிருந்து வென்டினா என்ற சிவப்புத் தடம் 2,050 மீட்டரிலுள்ள செர்வினியா வரை இறங்குகிறது. அகலமான, நீண்டு நீண்டு போகும் தடம், அவசரப்படாமல் இறங்குங்கள். கீழே காப்பியும் பாஸ்தாவும் ஸெர்மாட் விலையில் பாதிகூட இல்லை. ஆபத்து அங்கேதான் இருக்கிறது. வெயிலில் உட்கார்ந்து இரண்டாவது காப்பி சொல்லும்போது நேரம் போவது தெரியாது.

திரும்ப மூன்று லிஃப்ட் ஏற வேண்டும்: செர்வினியாவிலிருந்து பிளான் மேசோன், அங்கிருந்து லாகி சிமே பியாங்கே, பிறகு பிளாட்டோ ரோசாவுக்குப் பெரிய கேபிள் கார். கடைசியில்தான் வரிசை. காலையில் எல்லையைத் தாண்டும்போதே பலகையில் எழுதியிருக்கும் கடைசி நேரத்தைக் கைபேசியில் படமெடுங்கள், அதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு செர்வினியாவில் முதல் லிஃப்டில் இருங்கள். மேலே போய்ச் சேர்ந்த பிறகும் ஸெர்மாட் இன்னும் 1,800 மீட்டருக்கு மேல் கீழே இருக்கிறது. முழுவதும் சறுக்க வேண்டாம். ட்ரொக்கனர் ஷ்டெக் வரை வந்து, அங்கிருந்து லிஃப்டில் இறங்குங்கள்.

கடைசி லிஃப்ட் போய்விட்டால் டாக்சிதான். செர்வினியாவிலிருந்து ஆவோஸ்டா, கிராண்ட் செயின்ட் பெர்னார்ட் சுரங்கம், மார்ட்டினி, விஸ்ப் என்று மலையைச் சுற்றி வர ஏறக்குறைய நான்கு மணி நேரம், சில நூறு பிராங்க். அல்லது ஸ்கீ உடுப்போடு இத்தாலியில் ஓர் இரவு.

மேகம் இறங்கினால்

மர வரிசைக்கு மேலே மேகம் மூடினால் தரையும் வானமும் ஒரே வெள்ளை, சரிவு எந்தப் பக்கம் என்றே தெரியாது. அன்று உச்சிக்குப் போகாமல் கீழே மரங்கள் உள்ள பகுதியில் இருங்கள், அல்லது கிராமத்தில் நடந்து வாருங்கள். டாவோஸிலுள்ள எஸ்எல்எஃப் நிறுவனம் குளிர்காலத்தில் மாலை 5 மணிக்கும் காலை 8 மணிக்கும் பனிச்சரிவு அறிக்கை வெளியிடுகிறது, ஆபத்து 1 முதல் 5 வரை. குறியிட்ட திறந்த தடத்தில் போகிறவரை அதை நிர்வாகம் பார்த்துக்கொள்ளும். கயிற்றைத் தாண்டி வெளியே போனால் உங்கள் பாடு. மூடிய தடம் என்றால் மூடியதுதான், மாலையில் அங்கே பனியைச் சமப்படுத்தும் இயந்திரங்கள் கம்பியில் கட்டி ஓடும்.

தடத்தில் உங்களுக்கு முன்னால் கீழே போகிறவருக்குத்தான் முன்னுரிமை. நிற்பதென்றால் ஓரத்தில், மேட்டுக்கு மறைவில் அல்ல. யாராவது அடிபட்டால் மேலே சற்றுத் தள்ளி இரண்டு ஸ்கீயைக் குறுக்காக நட்டுவைத்து, வாலேயில் 144-ஐயும் இத்தாலியில் 112-ஐயும் அழையுங்கள். தடத்தின் எண்ணைச் சொல்ல வேண்டியிருக்கும். அது ஓரக் கம்பத்தில் எழுதியிருக்கும்.

கடைசி மாலை ஸ்கீயையும் பூட்ஸையும் கடை மூடுமுன் திருப்பிக் கொடுத்துவிட்டு, மலை ரயில் ஓடுகிறதா என்று செயலியில் பார்த்துக்கொள்ளுங்கள். மேகம் கறுத்து வந்தால் அன்றிரவே விஸ்ப்புக்கு இறங்கிவிடுவது நல்லது.